ஒரு கைப்பையைப் பிரித்துப் பாருங்கள்: பர்ச்சேஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எங்கள் பிரிவில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் கம்ப்யூட்டர் கிடையாது. ரிஜெக்ட் ஆன கைப்பை ஒன்றும் சின்னக் கத்தரிக்கோலும்தான். "பிரிச்சுப் போடும்மா, எத்தனை சாமான் வருதுன்னு எண்ணிச் சொல்லு" என்பேன். ஒரு மணி நேரத்தில் மேசை நிறைந்துவிடும். மேல் தோல், உள் லைனிங், ஃபோம், அட்டை, நூல், ஜிப், ஜிப்பின் தலை, பக்கிள், ரிவெட், ஓரத்தில் பூசிய எட்ஜ் கலர், காய்ந்த பசை, லேபிள், டிஷ்யூ பேப்பர், சிலிக்கா ஜெல் பொட்டலம். போன மாதம் சேர்ந்த பெண் இருபத்து மூன்று எண்ணினாள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சிஸ்டத்தைப் பார்த்து, பில் போட்டவர்களின் பெயரை ஒப்பித்தாள்.

பில் போட்டவர் வேறு, செய்தவர் வேறு. நம் வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நான் தோல் துறைக்காரன். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கமே பாதி ஆயுசு போய்விட்டது. (குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் கம்பெனியிலிருந்து வந்ததுதான்; இப்போது அங்கே குடியிருப்பவர்கள் பலருக்கு அது தெரியாது.) நீங்கள் ஆயத்த ஆடையிலோ கார் உதிரிப் பாகத்திலோ இருக்கலாம். சாமான் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

'நிலைத்த விநியோகச் சங்கிலி' என்று கருத்தரங்கில் பெரிதாகச் சொல்வார்கள். மேசையில் உட்கார்ந்தால் அது மூன்று விஷயம். சாமான் நிற்காமல் வரவேண்டும். வருகிற வழியில் ஆற்றையும் ஆளையும் கெடுக்காமல் வரவேண்டும். கொடுத்தவர் அடுத்த வருஷமும் ஷட்டரைத் திறக்கிற நிலையில் இருக்கவேண்டும். மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் பின்னாலேயே போகும். திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இதைக் கண்ணால் பார்த்தோம். நொய்யலைக் கெடுத்தது சாயம். நின்றதோ சாயமே போடாத பின்னலாடைக்காரர்களின் ஷிப்மென்ட்.

படி 1: பில்லை விடுங்கள், வண்டியைப் பின்தொடருங்கள்

வெண்டரிடம் "உங்களுக்கு யார் கொடுக்கிறார்கள்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பதில் வராது. சென்னைத் தோல் சந்தையான பெரியமேட்டில் பாய் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "இன்னிக்குப் பேரு கேப்பீங்க, நாளைக்கு நேரா அங்கயே போய் வாங்கிடுவீங்க. நான் கடையைச் சாத்திட்டுப் போறதா?" அவர் பயம் நியாயமானது. அதனால் கேட்பதற்கு முன் நம் கையில் இருக்கும் காகிதத்தைப் பாருங்கள்.

கடந்த மூன்று மாத இ-வே பில்களை (சரக்கு வண்டியோடு போகவேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு) எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு மதிப்பு பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் போனால் இ-வே பில் இருக்கும். அதில் பில் போட்டவரின் முகவரி ஒன்று, வண்டி கிளம்பிய இடம் இன்னொன்று. இரண்டும் வேறாக இருக்கும் பில்களைத் தனியே எடுங்கள். கிளம்பிய இடத்தின் பின்கோடை மட்டும் ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். அரை நாள் வேலை. நான் முதன்முறை செய்தபோது, பெரியமேட்டில் வாங்குவதாக நினைத்திருந்த லைனிங் தோலின் வண்டி ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு இடத்திலிருந்து கிளம்பியிருந்தது. அந்த ஊர்ப் பெயரை எங்கள் ஆபீஸில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

ஜாப் ஒர்க்குக்கு, அதாவது நம் சாமானைக் கொடுத்து வெளியே செய்து வாங்குவதற்கு, போன சரக்கென்றால் டெலிவரி சலானைப் பாருங்கள். ஆயிரம் பை தைக்கக் கொடுத்த இடத்தில் இருப்பது பன்னிரண்டு மெஷின்தான், ஆனால் நான்கே நாளில் பை திரும்பி வந்திருக்கிறது என்றால், அது வேறெங்கோ போய்த் தைத்து வந்திருக்கிறது. கணக்குப் போட்டால் தெரியும்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு வெண்டரிடம் உட்காருங்கள். அவரைத் தாண்டிப் போய் வாங்கமாட்டோம் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள். பெரியமேட்டு பாய்க்கு நான் கொடுத்தது நான்கு வரி. அன்று மாலையே மூன்று தோல் ஷாப்புகளின் (பதனிடும் ஆலைகளின்) பெயரைச் சொன்னார்.

எத்தனை படி பின்னால் போவது? தோலென்றால் விற்றவர், ஃபினிஷிங் செய்தவர், வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) போட்டவர், பச்சைத் தோல் வாங்கிய மண்டி. நான்காவதற்கு அப்பால் முதல் வருஷத்திலேயே ஓடாதீர்கள், மூச்சு வாங்கும்.

படி 2: எதற்குப் பயப்படுவது என்று முடிவு செய்யுங்கள்

எக்ஸெலில் சிவப்பு, மஞ்சள், பச்சை கட்டம் போடச் சொல்வார்கள். போடுங்கள், மேனேஜருக்கு வேண்டும். ஆனால் கட்டத்தை நிரப்புமுன் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இது நாளையே நின்றால் நாம் எத்தனை நாள் தாங்குவோம்? இதைச் செய்வதில் யாருக்கு அடிபடும்? அடிபட்டால் அது நமக்கு எத்தனை நாளில் தெரியவரும்? பலர் விட்டுவிடுவது கடைசிக் கேள்வியை. ஜிப் நின்றால் அன்றைக்கே தெரியும். ஆற்றில் விட்ட தண்ணீர் தெரிய வருஷக்கணக்காகும், தெரியும்போது கோர்ட் உத்தரவோடு தெரியும்.

விலையை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். என்னைக் கவிழ்த்தது பையின் விலையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட வராத லைனிங் தோல்.

கதை இதுதான். ஐரோப்பிய பையர் ஒருவருக்கு அவசர ஆர்டர். வழக்கமான லைனிங் தீர்ந்துவிட்டது. வெண்டர் "அதே சரக்குதான் சார், வேற லாட்டு" என்று அனுப்பினார். கட்டிங்குக்குப் போட்டுவிட்டோம். அங்கே போய் டெஸ்ட் செய்ததில் ஆறாம் நிலை குரோமியம் வரம்பைத் தாண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே 1 முதல், உடம்பில் படும் தோல் பொருளுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு. தோல் பதனிடப் போடுவது மூன்றாம் நிலை குரோமியம், அது ஆறாம் நிலை அல்ல. ஆனால் மீன் எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்பு கலந்த எண்ணெய் ஏற்றி, சூட்டிலும் காய்ந்த காற்றிலும் வைத்தால் அது ஆறாம் நிலையாக மாறிவிடும். கன்டெய்னருக்குள் கடல் வழியில் எத்தனை சூடு என்று யோசித்துப் பாருங்கள். இங்கே பாஸ் ஆன தோல் அங்கே ஃபெயில் ஆவதன் ரகசியம் இதுதான். அதனால் இப்போது லேபுக்கு அனுப்பும்போது 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து முதுமைப்படுத்திய பிறகும் டெஸ்ட் செய்யச் சொல்கிறோம். அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னையில் இருந்துகொண்டு இதைக் கேட்கத் தெரியாமல் இருந்தது என் தப்பு.

அந்தத் தோல் எங்கே பதனிடப்பட்டது என்று பின்னால் தேடினோம். வெண்டருக்கே தெரியவில்லை.

படி 3: காலண்டரைச் சுவரில் மாட்டுங்கள்

சென்னையில் இருக்கிறவனுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் 2015 டிசம்பரில் கிண்டியும் அம்பத்தூரும் மூழ்கின, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி. செப்டம்பருக்குள் ஒவ்வொரு வெண்டர் கொட்டகைக்கும் போய், 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். முதலாளியைக் கேட்காதீர்கள், பழைய வாட்ச்மேனைக் கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார். உங்கள் சரக்கு அந்தக் கைக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தீ விபத்துப் பாலிசியில் புயல், வெள்ளம் சேர்ந்த பகுதியை எஸ்.டி.எஃப்.ஐ. என்பார்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று அதைக் கழற்றிவிட்டவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: ஜாப் ஒர்க்குக்குப் போன உங்கள் தோல் நனைந்தால் யார் பாலிசியில் வரும்? அந்த இடத்தின் முகவரி உங்கள் பாலிசியில் இல்லையென்றால் வராது.

கோடைக்கு 2019ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. டேங்கர் லாரி கிடைக்காமல் யூனிட்டுகள் ஷிஃப்டைக் குறைத்தன. தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், போரா, டேங்கரா, சுத்திகரித்ததா என்பது எல்லா வெண்டரிடமும் கேட்கவேண்டிய கேள்வி. பொங்கல், ரம்ஜான், வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சாத் பூஜைக்கும் ஊருக்குப் போகும் வாரங்கள், அவர்கள் ஊர்த் தேர்தல் தேதி, எல்லாம் அதே காலண்டரில் ஏறட்டும். பக்ரீத்துக்குப் பிறகு மண்டியில் பச்சைத் தோல் குவியும், உப்புப் போட்டு வைக்க ஆளும் இடமும் தட்டுப்பாடாகிவிடும்.

படி 4: காகிதத்தைப் படிக்கும் விதம்

சான்றிதழை வாங்கி ஃபைலில் போடுவது படிப்பதாகாது. நான்கே காகிதம் சொல்கிறேன். நான்கையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் படிக்க வேண்டும்.

ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. கன்சென்ட் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். 1974ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தின் கீழும் 1981ஆம் வருஷத்துக் காற்றுச் சட்டத்தின் கீழும் தருவது. முதல் பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே போங்கள். எந்தப் பொருள், எவ்வளவு உற்பத்தி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர், எந்தத் தேதி வரை என்று இருக்கும். அந்த உற்பத்தி அளவோடு உங்கள் ஆர்டரையும், அவர் மற்றவர்களுக்குச் செய்வதாகப் பெருமையடிக்கும் ஆர்டரையும் கூட்டிப் பாருங்கள்.

இரண்டு, கழிவுநீர் மீட்டர். பச்சைத் தோலிலிருந்து முடித்த தோல் வரை, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் என்பது நம் பக்கத்துக் கணக்கு. நாளைக்கு 3 டன் பச்சைத் தோல் போடுகிறேன் என்கிறவரிடம் 90 கிலோலிட்டருக்குக் குறையாமல் கழிவுநீர் வரவேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 40தான் போயிருக்கிறது என்றால் மீதி எங்கே? தண்ணீரை மறுபடி எடுத்துப் புழங்குகிறவராக இருக்கலாம், வெட் ப்ளூ வாங்கி ஃபினிஷ் மட்டும் செய்கிறவராக இருக்கலாம். அதெல்லாம் இருந்தால் காட்டுவார். இல்லையென்றால் டீ சொல்வார்.

மூன்று, சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புக்கும் ஈபி ரீடிங்கும். இது எனக்குப் பிடித்த காகிதம். சொந்தமாக இ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வைத்திருக்கும் யூனிட்டில், தொட்டிக்குக் காற்றடிக்கும் புளோயருக்குத் தனி மீட்டர் இருக்கும், தினமும் ரீடிங் எழுத வேண்டும். மூன்று மாதமும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஞாயிற்றுக்கிழமையும் அதே யூனிட் என்று இருந்தால் முந்தின நாள் இரவு உட்கார்ந்து எழுதியது. இன்னொரு சோதனை உண்டு. நாளைய மின்தடை என்று பேப்பரில் ஊர் ஊராகப் போடுவார்களே, அந்தப் பராமரிப்பு ஷட்டவுன் தேதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள். அன்று காலை 9 முதல் பகல் 2 வரை கரண்டே இல்லாத ஏரியாவில் லாக் புக் பிரகாரம் புளோயர் ஓடியிருந்தால், ஜெனரேட்டர் டீசல் கணக்கைக் கேளுங்கள். கசடு எங்கே போகிறது என்பதற்கு, அபாயகரக் கழிவு கும்மிடிப்பூண்டிக் கிடங்குக்குப் போன மேனிஃபெஸ்ட் (கூடப் போகும் சரக்குச் சீட்டு) இருக்கவேண்டும்.

நான்கு, பி.எஃப். செல்லான். 20 பேர் இருந்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். செல்லானோடு வரும் பெயர்ப் பட்டியலை எண்ணுங்கள், பிறகு ஷெட்டில் தலையை எண்ணுங்கள். அறுபது பேர் வேலை செய்கிறார்கள், பட்டியலில் இருபத்தெட்டு என்றால் "மீதி கான்ட்ராக்ட்" என்பார்கள். சரி, கான்ட்ராக்டரின் செல்லான் எங்கே?

இத்தனை நோண்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், பாலாறு கெட்டதைப் பார்த்த உச்ச நீதிமன்றம் 1996இல் 'மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்பதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஆக்கியது. அன்று ஆலை ஒன்றுக்கு அபராதம் 10,000 ரூபாய். மூடப்பட்ட நாட்களில் போன வியாபாரத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

படி 5: போய்ப் பாருங்கள், தூங்கும் இடத்தையும்

சொல்லிவிட்டுப் போனால் கோலம் போட்டிருப்பார்கள். ஆனாலும் முதல் முறை சொல்லிவிட்டே போங்கள், மரியாதை. இரண்டாம் முறை அந்தப் பக்கம் வந்தேன் என்று போங்கள்.

ஒரு யூனிட்டில் புளோயர் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிக்காட்டிய மேனேஜர் போனில் பேசிக்கொண்டே நகர்ந்தார். பக்கத்தில் நின்ற வயதான மேஸ்திரி என் காதருகே வந்து சொன்னார்: "சத்தம் கேக்குதா சார்? பெல்ட் புதுசு. நேத்து சாயங்காலம்தான் மாத்துனாங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பெல்ட்டைப் பார்த்தேன், கறுப்பு மினுமினுப்பு மாறவில்லை. தொட்டியின் ஓரத்தில் பாசி காய்ந்து உரிந்து தொங்கியது. ஓடுகிற தொட்டியில் பாசி காயாது.

அவர் பெயரை ரிப்போர்ட்டில் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள். மறுநாள் அவர் வேலை போய்விடும்.

தொழிலாளர்களிடம் பேசுவதென்றால் ஷெட்டுக்குள் பேசாதீர்கள். எதிரே டீக்கடை இருக்கும். பாதிப் பேர் ஒடிசா, பீகார், வங்காளம், அஸ்ஸாம். அரைகுறை இந்தி போதும். "சம்பளம் எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் சொல்லிக்கொடுத்த தொகை வரும். ஊர் எது, எப்போது கடைசியாகப் போனீர்கள் என்று கேளுங்கள். போகவில்லை என்றால் ஏன்? அட்வான்ஸ் கழியவில்லையா? ஆதார் கார்டும் ஏ.டி.எம். கார்டும் யாரிடம் இருக்கிறது? வாங்கிய அட்வான்ஸுக்காக ஊருக்குப் போக முடியாமல் இருப்பது கொத்தடிமை. 1976இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம் செங்கல் சூளைகளில்தான் அது இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கழிப்பறையையும் குடிதண்ணீரையும் எல்லோரும் பார்ப்பார்கள். தூங்கும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்துக்காரர்கள். சுற்றுச்சூழல் ஆபத்துக்கு ஒரு ஷீட், தொழிலாளர் ஆபத்துக்கு ஒரு ஷீட் என்று பிரித்து வைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. அன்றிரவு இரண்டும் ஒரே சுவரின் இரு பக்கம் இருந்தன.

படி 6: நம் டேபிளைத் தணிக்கை செய்யுங்கள்

இதைத்தான் நான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். வெண்டரிடம் நாம் கண்டுபிடிக்கும் தப்பில் பாதிக்கு விதை நம் மெயிலில் இருக்கிறது.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் 10 முதல் 14 நாள் நீண்டது. பையர் கடைக்குச் சரக்கு போகவேண்டிய தேதி மாறவில்லை. அந்த நாட்களை யாரிடமிருந்து பிடுங்கினோம்? நாங்கள் தையலிலிருந்து பிடுங்கினோம், தையல்காரர் இரவிலிருந்து பிடுங்கினார். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். அந்தச் செலவு எங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் விலையில் எங்கேயும் இல்லை. முடியாதவர் தெரியாத இடத்துக்குச் சப்-கான்ட்ராக்ட் விட்டார். பிறகு நாங்களே போய் "அனுமதி இல்லாத சப்-கான்ட்ராக்ட்" என்று ரிப்போர்ட் எழுதினோம். வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தபோது, இடிபாட்டில் கிடைத்த லேபிள்களைப் பார்த்துத்தான் சில பிராண்டுகளுக்குத் தங்கள் துணி அங்கே தைக்கப்பட்டதே தெரிந்தது.

உங்கள் கடைசிப் பத்து ஆர்டர்களை எடுத்து மூன்று தேதிகளைப் பாருங்கள். டிசைனைக் கடைசியாக மாற்றிய தேதி, தையல் வெண்டர் கைக்குத் தோல் போன தேதி, நாம் கேட்ட டெலிவரி தேதி. முதல் இரண்டும் தள்ளிப் போய் மூன்றாவது அப்படியே நின்ற ஆர்டர்கள் எத்தனை? அவைதான் உங்கள் சிவப்புக் கட்டம்.

அடுத்தது பணம். குறு, சிறு யூனிட்டுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். இது 2006ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு. பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) வந்தது, தாமதித்த தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்றது. அப்போதுதான் அக்கவுண்ட்ஸ்காரர்கள் வெண்டரிடம் உத்யம் சர்டிபிகேட் (சிறு தொழில் பதிவுச் சான்று) கேட்டு ஓடினார்கள். சமூக நீதி பேசி நடக்காதது வரியில் நடந்தது!

தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வரும் யூனிட்காரர் முதலில் எதை நிறுத்துவார்? சம்பளத்தை அல்ல, ஆள் நின்றுவிடும். பி.எஃப். கட்டுவதைத் தள்ளிப்போடுவார், புளோயரை நிறுத்துவார். படி 4இல் நீங்கள் கண்டுபிடித்த லாக் புக் பொய்யின் தேதியோடு உங்கள் பேமெண்ட் லெட்ஜரை ஒப்பிட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை ஒப்பிட்டேன். பி.எஃப். கட்டாத இரண்டு மாதமும் நாங்கள் பணம் நிறுத்தி வைத்த இரண்டு மாதம்.

படி 7: கண்டுபிடித்த பிறகு

உடனே வெட்டிவிடத் தோன்றும். பாஸும் அதையே சொல்வார், பையருக்குக் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் ஆர்டர் போனதும் அந்த யூனிட் மூடாது, இன்னும் குறைந்த விலைக்கு இன்னும் கேள்வி கேட்காத ஆளுக்குச் செய்யும். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் விலகுவதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. என்ன சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செலவில் நம் பங்கு என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மூன்றாவது வரி இல்லாத காகிதம் வேலைக்கு ஆகாது.

விதிவிலக்கு உண்டு. ஆளைப் பூட்டி வைத்திருந்தால், 14 வயதுக்குட்பட்ட பிள்ளை மெஷினில் இருந்தால், தேதி போட்டுப் பேசும் விஷயமில்லை. ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பிள்ளையை அன்றே வெளியே துரத்தி "பிரச்சினை முடிந்தது" என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். வேறு எங்காவது போய்ச் சேருவான்.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது வீட்டு வேலைப் பெண்களைப் பற்றி. ஆம்பூர், வாணியம்பாடிச் சுற்று ஊர்களில் ஷூ அப்பரை (மேல் பாகத்தை) கையால் தைப்பது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில். ஜோடிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். பல பையர்களின் ஒப்பந்தத்தில் 'வீட்டு வேலை கூடாது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியால் வீட்டு வேலை நிற்கவில்லை, பேப்பரில் மறைந்தது. மறைந்த வேலைக்கு ரேட் ஏறாது. நான் ஒரு பையரிடம் பேசி அந்த வரியை எடுக்க வைத்தேன், எட்டு மாதமானது. அதற்குப் பதிலாக ஒரு நோட்டு வந்தது: யார், எத்தனை ஜோடி, என்ன ரேட், ஏஜெண்ட் எவ்வளவு பிடித்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். "அக்கா, அவசரமில்லாம தைங்க, எப்பவும் தைக்கிற மாதிரி" என்றேன். ஒரு ஜோடிக்கு முப்பத்தெட்டு நிமிஷம். எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டு, குறைந்தபட்சக் கூலியோடு வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை ரேட்டில் ஏற்றினோம். ஜோடிக்கு ஏறியது அந்த ஷூவோடு போகும் அட்டைப் பெட்டியின் விலைகூட இல்லை.

பையரின் கேள்வித்தாள்

இதற்கு நேரம் அதிகம் செலவாகும், யோசனை குறைவாகத்தான் செலவாகும். ஜெர்மனியில் 2023 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் இருக்கிறது, 2024இல் ஐரோப்பிய ஒன்றியமே ஒரு சட்டம் கொண்டுவந்தது, அதன் எல்லையையும் தேதியையும் அதன்பிறகு தளர்த்திக்கொண்டிருக்கிறார்கள். இங்கே முதல் 1,000 லிஸ்டட் கம்பெனிகளுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கை. பெயர் எதுவானாலும் கேள்வி முன்சொன்னவைதான். படி 1 முதல் 5 வரை செய்தவருக்குப் பதில் கையில் இருக்கும். தெரியாததற்கு 'தெரியாது, இந்தத் தேதிக்குள் தெரிந்து சொல்கிறோம்' என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் அடித்த தாளைப் பார்த்ததும்தான் பையரின் ஆடிட்டர் சென்னைக்கு டிக்கெட் போடுவார்.

திங்கட்கிழமை எதிலிருந்து தொடங்குவது?

ஜிப்பிலிருந்து வேண்டாம். அது பெரும்பாலும் பெரிய கம்பெனி, கேட்டால் மறுநாளே பதில் மெயிலில் வந்துவிடும், எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடுவீர்கள். தோலிலிருந்தும் வேண்டாம், முதல் மாதத்திலேயே மலைத்துப்போவீர்கள். பசையிலிருந்து தொடங்குங்கள். தையல் யூனிட்டுக்குப் போய் பசை டின்னைத் தூக்கிப் பாருங்கள். அநேகமாக லேபிள் இருக்காது, பெரிய டிரம்மிலிருந்து ஊற்றிக் கொடுத்தது. அந்த டிரம் எங்கே நிற்கிறது, அதில் என்ன கரைப்பான், பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா, தூரிகையைப் பிடித்திருக்கும் பெண்ணுக்குச் சாயங்காலம் தலை வலிக்கிறதா என்று கேளுங்கள். கேட்கும்போது மாஸ்க் போடாமல் பத்து நிமிஷம் அங்கேயே நில்லுங்கள்.